கண்ணாடிக் கதவில் மூன்று முகங்கள்

சோபியா நகரம்

அம்மாவுக்கு ரலிட்சா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் சுகம். வேலை இன்னும் போகவில்லை, பயப்படாதே.

நம் ஊர்க் கல்குவாரி சரிந்து மூன்று பேர் செத்ததை நான் வேலை பார்க்கிற டிவி சொல்லவே இல்லை. குவாரிக்காரர் எங்களுக்கு விளம்பரம் தருகிறவர். நீ அனுப்பிய, படம் போட்ட மரண அறிவிப்புகளை எங்கள் அலுவலக வாசல் கதவிலேயே ஒட்டிவிட்டேன்.

முதலாளி மகன் பிளாமென், "கிழிச்சுப் போடுய்யா!" என்று காவலாளியிடம் கத்தினான்.

"செத்தவங்க தாளைக் கிழிக்க என் கை வராது. நீங்களே கிழிங்க, சின்ன முதலாளி."

அவனுக்கும் கை வரவில்லை. பெரியவர் மனோலவ் இறங்கி வந்தார். இதே மாதிரி மரணத் தாள்களை அச்சடித்துப் பிழைத்து, பத்திரிகை, டிவி என்று வளர்ந்த மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டு மூன்றையும் படித்தார். "அச்சு நல்லா வந்திருக்கு," என்றார். மாடிக்குப் போய்விட்டார்.

செய்தி இன்றுவரை வரவில்லை. ஆனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்த முகங்களைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள்.

நீ அரைக்கிற மிளகாய் விழுது அனுப்பு. சின்ன பாட்டில் போதும். அலுவலகச் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. அவர்களின் நாற்பதாம் நாள் நினைவு அறிவிப்புகளையும் மறக்காமல் அனுப்பு. கதவில் இன்னும் இடம் இருக்கிறது.

உன் ரலிட்சா