முன்அனுபவம்: ஒரு மாணவர்

என்னங்க,

கல்லூரியில் பகுதி நேர ஆங்கில ஆசிரியை வேலைக்கு பயோடேட்டா எழுத உட்கார்ந்தேன். முன்அனுபவம் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

நான் பாடம் நடத்திய ஒரே ஆள் நீங்கள்தானே? சாப்பாட்டு மேசையில், சாப்பிட்ட கை காயக் காய. 'மாணவர்: கணவர். தேர்ச்சி: முதல் தடவையிலேயே. பலன்: வெளிநாட்டில் வேலை' என்று எழுதிப் பார்த்தேன். பாழாய்ப்போன பாடத்தை அவ்வளவு நன்றாக நடத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அழித்துவிட்டேன்.

அப்போதெல்லாம் எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், "ஐ கேம், ஐ கேம்" என்பீர்கள். ஆபீஸை விட்டே கிளம்பியிருக்க மாட்டீர்கள்.

"தமிழ்ல இதோ வந்துட்டேன்னு சொல்றதில்லையா? அதத்தான் சொல்றேன்" என்று வாதம் வேறு.

இன்னும் வராதவர் 'ஐ வில் கம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று தலையில் குட்டாத குறையாகத் திருத்தினேன்.

இப்போது ஒவ்வொரு போனிலும் சுத்தமாக "ஐ வில் கம்" என்கிறீர்கள். ஒரு பிழை இல்லை. எனக்குத்தான் மார்க் போட மனசு வரவில்லை.

ஒரே ஒரு தடவை தப்பாகச் சொல்லுங்களேன். திருத்த மாட்டேன். போய்க் கதவைத் திறப்பேன்.

இப்படிக்கு,
வேலை தேடும் உங்கள் டீச்சர்