மனிதக் கால் படாத கரை

ஹெம்லாக் கழி,
ஜூன் 9

அன்பு மகள் கொரினுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக, உயிரோடு இருக்கிறோம். உயிரோடு என்று எழுதக் காரணம் உண்டு, உன் கம்பெனி அச்சடித்த படகுப் பயணத் துண்டறிக்கையின்படி இந்தக் கடற்கழியில் மனிதர்களே இல்லை. டொராண்டோவில் உன் பல்வலிக்கு வைத்தியம் பார்த்தாயா?

போன செவ்வாய்க்கிழமை கடல் நன்றாக வற்றியிருந்தது, மட்டி தோண்டிக்கொண்டிருந்தேன். பதினாலு துடுப்புப் படகுகள் வரிசையாக வந்தன. முதலில் இறங்கியவள் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஐயோ, நீங்க எந்தக் குழு, வழி தவறிட்டீங்களா என்று கேட்டாள். ஆமாம்மா, பொறந்ததுலேருந்து வழி தவறி இங்கதான் கெடக்கேன் என்றேன். அவள் சிரிக்காமல் உன் அறிக்கையை நீட்டினாள். மனிதக் கால் படாத கரை என்று போட்டு, கீழே, இதே கரையில் பிறந்த கொரின் எழுதியது என்றும் போட்டிருந்தது. அப்படியென்றால் உனக்குக் கால் இல்லையா?

அதற்குள் மற்றவர்கள் படகை ஏற்ற வழி செய்கிறோம் என்று நம் மட்டிப் பாத்தியின் மணலைத் தாங்கும் கல்வரிசையைப் பிரித்துவிட்டார்கள். அலை ஒதுக்கிய கல் என்று நினைப்பு. டேய், அது சுவருடா, எடுத்த எடத்துல வைங்கடா என்று அப்பா கத்தினார். ஒருவன், பெரியவரே, கோபப்படாதீங்க, இயற்கை எல்லாருக்கும் சொந்தம்தானே என்றான். எட்டு வயதில் நகம் நசுங்க நீயும் உருட்டி வைத்த இயற்கைதான் அது. இருபது அடிக்குச் சுவர் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு வற்றத்துக்கும் மணலும் மட்டிக் குஞ்சும் வெளியே போகின்றன, பதினோரு வீட்டின் குளிர்காலச் சாப்பாடு. அப்பா முட்டி வலியோடு குனிந்து குனிந்து பாதிதான் அடைத்திருக்கிறார்.

உன் அத்தை மேய்சி, சின்னப் பொண்ணு, வேலை போயிடப் போகுது, விடு என்கிறாள். விட மாட்டேன். நம்மை இங்கிருந்து கிளப்பப் பார்த்த அரசாங்கத்துக்காரன்கூட, ஆள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் கிளம்பச் சொன்னான். நீ ஒரே வரியில் எங்களைத் துடைத்துவிட்டாய், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாய்.

அடுத்த கூட்டம் பதினெட்டாம் தேதி வருகிறதாம். அதற்குள் அந்த வரியை எடு. நீ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கயிறு கட்டிவிட்டேன். பதினோரு வீட்டு உள்ளாடையும் இனி அங்கேதான் காயும். அவர்கள் எடுக்கிற எல்லாப் படத்திலும் அப்பாவின் கால்சட்டை இருக்கும்.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. ஆகஸ்டில் வரும்போது தடித்த கையுறை கொண்டு வா, மீதிக் கல்லை நீதான் வைக்க வேண்டும்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
ஹெம்லாக் கழியில் குடியிருக்கும்
உன் அம்மா வெர்னா