நடுவில் கறுப்புக் கோடு

ஜூன் 9, திங்கள்

பெட்டி இன்றும் வரவில்லை. பொங்கலுக்குப் பதிவு செய்தது. மாசி என்றார்கள், சித்திரை என்றார்கள், இப்போது ‘விரைவில்’ என்கிறார்கள். அரூரில் வெண்மதி என்ற பெண் ஒருத்தியே உட்கார்ந்து செய்கிறாளாம். தலைக்கு மேல் போகும் வானிலைச் செயற்கைக்கோளைப் பிடித்து, மேகத்தைப் படமாகக் காட்டும் பெட்டி. இடையில் இன்டர்நெட் கிடையாது, கம்பெனி கிடையாது. கோள் அனுப்புகிறது, நாம் வாங்கிக்கொள்கிறோம். கடத்தூர்க் கடலைக்காட்டில் நிற்கும் ஒருவனுக்கு வானத்திலிருந்து நேராக! நினைத்தாலே மயிர்க்கூச்செறிகிறது.

“போன்லயே மழை காட்டுதுங்களே, அதுக்கு ஒரு பெட்டியா?” என்றாள் தீர்த்தம்மாள்.

போன வருஷம் அந்தப் போன்தான் மழை இல்லை என்றது. நம்பிக் களத்தில் காயப்போட்ட நிலக்கடலை நனைந்து முளைத்துப் போனது. யாரும் பொறுப்பேற்கவில்லை. கட்டிக்கொண்ட மனுஷிக்கே மறந்துவிட்டதா? இந்த வருஷக் கடலையைப் பிடுங்குவதற்குள் பெட்டி என் கையில் இருக்கவேண்டும். இனி மழைக்காக எவன் வாயையும் பார்க்கமாட்டேன்.

ஜூன் 14

பதிவு செய்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘பெட்டி உண்டா, இல்லையா? ஏமாற்றுகிறீர்களா?’

சேலத்துக் கலைமணி உடனே, ‘பெரியவரே கேட்டுட்டாரு. பதில் சொல்லுங்க மேடம்’ என்றார்.

ஜூன் 15

பதில் இல்லை.

ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டது பதில். ஒவ்வொரு பெட்டியும் வானத்திலிருந்து ஒரு முழுப் படத்தைப் பிடித்த பிறகுதான் அனுப்புவாளாம். கலைமணி, ‘சோதனை எல்லாம் நாங்க பண்ணிக்கிறோம், நீங்க பெட்டிய அனுப்புங்க’ என்று எழுத, ஆளாளுக்குக் கட்டைவிரல் காட்டினார்கள். நானும் காட்டினேன். பதிவை ரத்து செய்வோம் என்று சிலர் கிளம்பிவிட்டார்கள்.

நாளை நேரில் போகிறேன். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் ரேடியோவைப் பிரித்துப் பிரித்து நானாகக் கற்றவன். என்னிடம் கதை விட முடியாது.

ஜூன் 20, வெள்ளி

அரூரிலிருந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கோபத்தால் இல்லை.

செல்போன் கடைக்கு மேல் ஒரே அறை, அதற்கு மேல் மொட்டைமாடி. இரண்டு அலுமினியக் குழாய்களை ஆன்டெனாவாக விரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள் வெண்மதி.

“கடத்தூர் ஐயாவா? வாங்க.”

“சண்டை போட வந்திருக்கேன்மா.”

“கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. இப்ப கோள் வருது. விட்டா சாயந்தரந்தான்.”

வெயிலில் பெட்டியின் திரை தெரியவில்லை. என் துண்டை இருவர் தலைக்கும் மேல் கூடாரம்போல் பிடித்துக்கொண்டேன். ஒரு கோடு விழுந்தது. அதன் கீழ் இன்னொன்று. யாரோ பாய் பின்னுவதுபோல் கோடு கோடாக— பனி! இமயமலையின் பனி! அரூர் மாடியில், என் வேர்வைத் துண்டுக்குள்! பிறகு சமவெளி. பிறகு மேற்குக் கரை முழுவதும் அப்பிக்கிடந்த வெள்ளை. அந்தக் கோள் இந்தக் கணம் எங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது, பார்ப்பதை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே போகிறது.

நம் ஊர் வரவேண்டிய இடத்தில் பட்டையாகக் கறுப்பு.

“பாத்தீங்களா? பக்கத்துல மாடி எழுப்புறாங்க. அந்தக் கம்பிங்க நின்னதுல இருந்தே இப்படித்தான். பெட்டி கெட்டதா, கட்டடம் கெடுக்குதான்னு எனக்கே தெரியல. தெரியாம எப்படீங்க அனுப்புவேன்?”

நான் கேட்டது தப்பில்லை. இப்போதும் சொல்கிறேன், இதை அவள் முன்பே சொல்லியிருக்கவேண்டும். ஆனாலும் வாய் வேறொன்றைச் சொன்னது:

“எங்க காட்டுல ஒரு பாறை இருக்கு. சுத்தி ஒரு மறைப்பும் கெடையாது. பெட்டிங்கள அங்க கொண்டா.”

“நாலு திட்டுத் திட்டிட்டுப் போவீங்கன்னு நெனச்சேன்.”

“திட்டு பாக்கி இருக்குது. மொதல்ல படம்.”

“அப்ப உங்க பெட்டியவே மொதல்ல பாத்துடலாங்களா?”

“வரிசைன்னா வரிசைதான்மா.”

ஜூலை 3

அவள் பஸ்ஸில் பை நிறையப் பெட்டி கொண்டுவந்து தருகிறாள். நான் காலையும் மாலையும் பாறையில். வழி பிடிபட்டுவிட்டது. படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கறுப்பு இருந்தால், கோள் அடிவானத்தில் இருக்கிறது என்று அர்த்தம், பெட்டிமேல் குற்றமில்லை. நடுவில் இருந்தால் பெட்டிதான் குற்றவாளி. உச்சி வானத்தில் மறைக்க ஒன்றுமில்லையே. அப்படிப்பட்டதில் எங்கோ ஓர் ஈயப் பற்றவைப்பு விட்டிருக்கும். அவள் திருப்பி எடுத்துப்போய்ச் சரிசெய்கிறாள்.

குழுவில் கலைமணி: ‘பெருசு அந்தப் பக்கம் தாவிட்டாரு.’ நான் எந்தப் பக்கமும் தாவவில்லை.

ஜூலை 11

பாறைக்குக் கூழ் கொண்டுவந்த தீர்த்தம்மாள் துண்டுக்குள் தலையை நீட்டினாள்.

“இதுல நம்ம வூடு எங்கீங்க?”

நம் மாவட்டமே விரல்நகம் அளவுதான் என்றேன்.

“வேலிய ஒரு முழம் தள்ளிப்போட்டான்னு பங்காளி மேல கேஸ் போட்டீங்களே. வேலியவே காணோமுங்களே.”

வேலி வேலிதான். கூழை எடுத்துக் குடித்தேன்.

ஜூலை 26

கலைமணியின் பெட்டி தேறியது. படத்தில் இலங்கை மாம்பழம்போல் முழுசாக விழுந்தது. தினமும் பார்க்கிறேன், தினமும் முதல் கோட்டுக்கு மூச்சை அடக்குகிறேன்.

செப்டம்பர் 24, புதன்

என் முறை வந்தது. பெட்டியின் மேல் என் பெயர்.

பனி வந்தது, சமவெளி வந்தது. கோள் உச்சிக்கு வந்தபோது நடுவில் ஒரு கறுப்புக் கோடு. நூல் அளவு.

“நூலுதானுங்களே, உங்க பெட்டிதானே, வெச்சுக்குங்க” என்றாள் தீர்த்தம்மாள்.

வெண்மதியும் போனில், “கடலைக்காய் பிடுங்கி முடிங்க ஐயா, அப்புறமா சரிபண்ணித் தர்றேன்” என்றாள்.

வேறொருவர் பெட்டியாக இருந்தால்? இதையே நினைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி மடியில் சூடாக இருந்தது.

செப்டம்பர் 25

பெட்டியின் மேல் ‘நடுவில் கறுப்பு’ என்று சீட்டு ஒட்டி, வெண்மதியின் பையில் நானே வைத்தேன்.

கலைமணி குழுவில் கேட்டார்: ‘பெரியவரே, உங்க பெட்டி வந்துச்சுங்களா?’

‘இல்லை.’

‘எப்ப வரும்?’

‘முழுப் படம் வரும்போது.’

சாயங்காலம் தீர்த்தம்மாள், “கடலைக்காய் நாளைக்குப் பிடுங்கலாமான்னு உங்க மேகத்தக் கேட்டுச் சொல்லுங்க” என்றாள். காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். காலையில் சோதிக்கவேண்டியது யாரோ தெரசா என்பவரின் பெட்டி. பாறையைப் பெருக்கிவைக்க வேண்டும்.