செவலையின் பால்

ஓப்பநாயக்க
புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அப்பாவின் போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் இதை விடிந்ததும் பஸ் நிற்கும் இடத்தில், என்னோடு படிக்கும் நூரியாவிடம் கொடுப்பேன். அவள் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவாள்.

நம் செவலைக்கு மடி வீங்கிவிட்டது. மாட்டு டொக்டர் பென்சிலின் ஊசி போட்டு, காம்புக்குள்ளும் மருந்து ஏற்றினார். கடைசி மருந்து திங்கட்கிழமை. வெள்ளி மாலை வரை பாலைக் கறந்து கீழே ஊற்றச் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். ஆனால் வீக்கம் வற்றியதுமே, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பால் கொடுக்கக் கேனைக் கழுவிவிட்டார். நிறுத்தினால் வேறு யாராவது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார்களாம்.

பகலில் தம்பி அங்கே குடிப்பது அந்தப் பால்தானே! ஒரு வயதில் பென்சிலின் ஊசி போட்டு அவன் முகம் வீங்கி, மூச்சு முட்டியதை அப்பா பார்க்கவில்லை. அப்போது கொழும்பில் வேலையில் இருந்தார். சொன்னால், "ஊசி மாட்டுக்குத்தானே போட்டாங்க, இவனுக்கா போட்டாங்க? காய்ச்சுனா எல்லாம் செத்துரும்" என்கிறார். காய்ச்சினால் கிருமிதான் சாகும், மருந்து போகாது என்று விஞ்ஞான சேர் சொன்னதையும் சொன்னேன். "அப்ப உங்க சேரையே வந்து மாட்டப் பாக்கச் சொல்லு" என்றார்.

வேறு வழி தெரியாமல் நேற்றும் இன்றும் கேனில் தேசிக்காய் பிழிந்துவிட்டேன். அடுப்பில் வைத்ததும் பால் திரிந்தது. பிள்ளைக்காம்பரா ஆயா திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் அப்பா, பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா மாமி கண் வைத்துவிட்டதாகச் சொல்லி லயத்து வீடுகள் எல்லாம் கேட்கத் திட்டினார். மாமி தம்பிக்குப் பிசைந்த சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் தேசிக்காய் மணம் இன்னும் போகவில்லை.

நாளை யார் கண்ணும் படாமல், கறந்த கையோடு துணியால் மூடி அப்பாவே கொண்டுபோவாராம். இனி என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மா, எழுந்ததும் அப்பாவுக்குக் கோல் எடுங்கள். நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். தம்பிக்குப் பாலால் ஆபத்து என்று கனவு கண்டதாகச் சொல்லுங்கள். டொக்டரை நம்பாதவர் கனவை நம்புவார்.

இங்கே காலை எட்டு மணிக்குள் கோல் வராவிட்டால், நானே பிள்ளைக்காம்பராவுக்குப் போய் ஆயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதிய தம்பியின் கிளினிக் கார்டு என் பையில் இருக்கிறது. அப்பா அடித்தாலும் பரவாயில்லை.

அங்கே நீங்கள் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்குப் பால் காய்ச்சப் போவதற்கு முன்னால் பேசிவிடுங்கள், அம்மா.

உங்கள் மகள்
துஷ்யந்தி