ஆசிரியர் ஐந்து எழுதுவது

கிள்ளான்,
ஆகஸ்ட் 16, ஞாயிறு

செல்ல நாத்தனார் ஷார்மைனுக்கு,

மாதா புண்ணியத்தில் நீ மெல்பர்னில் நலமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்து அண்ணி இதை எழுதுகிறேன். இங்கே உன் அண்ணனின் முழங்கால் வலியைத் தவிர எல்லாரும் சுகம். நம் பையன் கென்னத்துக்கு சுபாங் ஜெயாவில் வேலை கிடைத்துவிட்டது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வந்தான். அதில் எட்டு பொத்தான் இருக்கிறது, நான் ஒன்றைத்தான் அழுத்துகிறேன்.

வாட்ஸாப் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அதில் எழுதினால் பாதியிலேயே நீ கூப்பிடுவாய். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, குளிர்கிறதா என்று கேட்டு வைத்துவிடுவேன்.

நீ சரிபார்க்கச் சொல்லி அனுப்பிய உன் ஆய்வேட்டு அத்தியாயத்தைப் படித்தேன். 'நகரத் தமிழ்ப்பள்ளிகளில் கற்பித்தலும் மாணவர் அடைவுநிலையும்' என்ற தலைப்பைப் பார்த்ததுமே உன் அண்ணன் கடைக்குப் போய் அச்செடுத்து வந்துவிட்டார். நீ ஆறு பள்ளிகளில் பார்த்த ஆறு ஆசிரியர்களின் பெயரையும் மறைத்து எண் போட்டிருக்கிறாய். அவரோ பக்கத்து வீட்டு ராஜனைக் கூப்பிட்டு, ஆசிரியர் ஐந்து என் மனைவிதான் என்று வாசித்துக் காட்டிவிட்டார். உன் ரகசியம் எங்கள் வேலி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

ஊரில் நாத்தனார்கள் அண்ணியை ஒளிந்திருந்துதான் வேவு பார்ப்பார்கள். நீ ஒருத்திதான் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தோடு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையில் கடிகாரம் வைத்துப் பார்த்தவள். ஆசிரியர் ஐந்து கேள்வி கேட்டுவிட்டு ஒன்பது விநாடி காத்திருக்கிறார், பிள்ளைகளுக்குச் சிந்திக்க நேரம் தருகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஷார்மைன், அந்த ஒன்பது விநாடியும் நான் அடுத்த கேள்வியை மறந்துவிட்டு நின்றேன். லோகன் நான் கேட்டு முடிக்கும் முன்பே கை தூக்கியதை உயர்ந்த ஈடுபாடு என்கிறாய். தூக்காமல் என்ன செய்வான்? அந்தப் பாடத்தை அவன் மூன்றாவது முறையாகக் கேட்கிறான்.

ஆமாம். மார்ச் மாதம் அந்தப் புதன்கிழமை நீ பார்த்த பின்னப் பாடத்தை, திங்களும் செவ்வாயும் அதே வட்ட அட்டைகளை வைத்து நான் நடத்தி முடித்திருந்தேன். யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்றுகூடப் பிரித்துக் கொடுத்திருந்தேன். பள்ளியில் யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. விருந்தாளி வந்தால் கிழிந்த பாயையா விரிப்போம்? அதுவும் வருவது என் நாத்தனார். என் வகுப்பு நன்றாக இருந்தால் உன் ஆய்வும் நன்றாக வரும் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தியவளின் புத்தி இவ்வளவுதான்.

அதோடு நின்றிருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். வகுப்பில் இருபத்திரண்டு மாணவர்கள் என்று எழுதியிருக்கிறாய். என் வகுப்பில் இருபத்தேழு பேர். மீதி ஐந்து பேர் அன்று வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். வந்திருந்தார்கள். கணிதத்தில் பின்தங்கிய அந்த ஐந்து பேரையும் மூன்று நாளும் பாட நேரத்தில் நூலகத்துக்குப் புத்தகம் அடுக்க அனுப்பிவிட்டேன். நீ கேட்ட தேர்வுப் புள்ளிகளிலும் அவர்களுடையதை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அதன் பிறகு வேறு யாரோ வகுப்பைப் பார்க்க வந்த இரண்டு முறையும் அதே மாதிரி அனுப்பினேன். ஒரு தடவை செய்தால் கை பழகிவிடுகிறது.

அந்த ஐந்து பேரில் புனிதா என்று ஒரு பிள்ளை. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. போன வியாழக்கிழமை ஓர் அதிகாரி அம்மா, உடைந்த மேசை நாற்காலிகளைக் கணக்கெடுக்க எங்கள் வகுப்புக்கு வந்தார். நான் வாயே திறக்கவில்லை. புனிதா தன் புத்தகத்தை மூடி, பென்சில் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், ஆளு வந்துட்டாங்க. நான் லைப்ரரிக்குப் போயிடவா?"

முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. டீச்சருக்கு ஓர் ஒத்தாசை செய்கிற முகம். அவளைப் பார்த்து மற்ற நால்வரும் எழுந்து நின்றார்கள். வந்தவர் ஒன்றும் தெரியாமல் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். உட்காரும்மா என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது, ஷார்மைன்.

பிறகு பழைய புள்ளிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேரும் பின்னத்தில் தேறவில்லை. எப்படித் தேறுவார்கள்? மூன்று முறை நடத்தினேன், ஒரு முறைகூட அவர்கள் வகுப்பில் இல்லை. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் ஐவரையும் உட்கார வைத்து முதலிலிருந்து தொடங்கினேன். கால் எது அரை எது என்று ஒரே குழப்பம். புனிதா ஆறு கேள்வி கேட்டாள். அதில் இரண்டுக்கு நானே யோசித்துத்தான் பதில் சொன்னேன். நீ வந்திருந்த அன்று ஒரு பிள்ளைகூட என்னைக் கேள்வி கேட்கவில்லை. உன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார், தெரியும்.

உன் அண்ணனிடம் நேற்றுதான் சொன்னேன். "அவளோட மூணு வருஷ உழைப்பு லா. நவம்பர்ல குடுக்கணும். நீ வாயத் தொறந்தா எல்லாம் போச்சு," என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஆறில் ஒரு வகுப்பு தப்பென்றால் உன் முடிவுகள் எவ்வளவு மாறும், உதவித்தொகை முடிவதற்குள் திருத்தி எழுத முடியுமா, உன் பேராசிரியர் என்ன சொல்வார், எதுவும் எனக்குத் தெரியாது. நான் செய்ததற்கு நீ கஷ்டப்பட வேண்டுமே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. இன்று பூசை முடிந்து வரும் வழியில் உன் அண்ணன் ஒரு கடை முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் தபாலில் அனுப்புகிற பெரிய உறை ஒன்று. என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி, விட்டுப்போன ஐந்து பேரின் புள்ளிகளையும் சேர்த்து, கீழே என் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். உன் பேராசிரியரிடம் அப்படியே காட்டு. பழி என் தலையில் விழட்டும், உன் மேல் ஒரு துளி விழக் கூடாது. மறுபடி வந்து பார்க்க முடிந்தால் வா. எந்த நாள் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. வகுப்பு சத்தமாக இருக்கும், பாடம் பாதியில் நிற்கும், நான் இரண்டு பேரையாவது அதட்டுவேன். அதையும் எழுதிக்கொள்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நாத்தனாருக்கு அந்த உரிமை உண்டு. கொஞ்ச நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்றாலும் இரு. ஆசிரியர் ஐந்தை நீக்கினாலும் சரி, உள்ளதை உள்ளபடி எழுதினாலும் சரி, அது உன் முடிவு. உனக்காக நான் மாதாவிடம் கேட்காத நாள் இல்லை, இனியும் கேட்பேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான், தங்கம். என் வகுப்பைப் பற்றி எங்கே எழுதினாலும் இருபத்தேழு பேர் என்று எழுது.

உன் அன்பு அண்ணி,
சாந்தமேரி கிரிகரி