புது லாரியின் முதல் லோடு

தொப்பூர்
17.8.1986, ஞாயிறு

அன்பு மகள் பிலோமினாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். தம்பி ஐ.டி.ஐ. பரீட்சையை முடித்துவிட்டு வந்து மூன்று நாளாகத் தூங்குகிறான். பிலாயில் நீயும் உன்னோடு தங்கியிருக்கிற பெண்களும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொண்டே ஊரெல்லாம் நடக்கிறாள். மழை இரண்டு தடவை நன்றாக இறங்கியது, கேழ்வரகு முளைத்துவிட்டது. இதெல்லாம் இருக்கட்டும் தாயி, எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா இனிமேல் தன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் உனக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும், இதில் பாதி உன்னால் நடந்தது, மீதிப் பாதியில் நான் உன்னிடம் மறைத்த ஒரு காரியமும் இருக்கிறது.

மே மாதம் நீ லீவில் வந்திருந்தபோது, உங்கள் ஊர் இரும்பு ஆலையில் ஒவ்வொரு பிரிவிலும் முதலுதவி படித்த தொழிலாளிகள் இருக்கிறார்கள், வேலைக்கு நடுவிலேயே ஓடிப் போய்த் தூக்குவார்கள், மாதம் ஒருநாள் ரத்தம் கொடுக்க வரிசையாக உன் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்று சொன்னாய். கணவாய்க்குக் கீழே லாரி பாடி கட்டுகிற எங்கள் பட்டறையில் காயத்துக்குக் கட்ட ஒரு துணியாவது இருக்கிறதா என்றும் கேட்டாய். நான் சிரித்து மழுப்பினேன். முன்பெல்லாம் மேலே வண்டி கவிழ்ந்த சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் ஓடத்தான் செய்தார்கள். போன வருஷம் வெல்டர் மாதுவும் டிங்கர் ஜமீரும் ஒரு டிரைவரைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அதற்கு அன்றைக்குச் சம்பளமும் போயிற்று, பிறகு சாட்சி சொல்ல வா என்று கோர்ட்டுக்கு நாலு தடவை அலைந்தார்கள். அதற்கப்புறம் யாரும் ஓடவில்லை. நான் மேஸ்திரி, நானும் ஓடு என்று சொல்லவில்லை.

நீ ரயில் ஏறிப் போன பத்தாவது நாள் ஒரு லாரி வளைவில் கவிழ்ந்தது. பட்டப்பகல், பதினொரு மணி இருக்கும். சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இருபத்திரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து பலகையை அளந்துகொண்டிருந்தேன். அளந்த பலகையையே மறுபடியும் அளந்தேன் தாயி, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து டீக்கடை செல்லி வந்து வாசலில் நின்றாள், அவள் சேலையெல்லாம் ரத்தம். லாரியில் ஏறி வந்த ஒரு ஆள் இத்தனை நேரம் உயிரோடு கிடந்து இப்போதுதான் போய்ச் சேர்ந்தார் என்றாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. "இருவத்தி ரெண்டு ஆம்பளைங்க இருக்கறீங்க மேஸ்திரி. ஒருத்தராச்சும் வருவீங்கன்னு ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதைத்தான் உனக்கு எழுதாமல் மறைத்தேன். அம்மாவுக்கும் தெரியாது, இன்றைக்குத்தான் சொல்லப் போகிறேன்.

செத்தவர் சித்தேரி மலைக்காரர், புளி விற்க வந்தவர் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரூர் போய் மலை பஸ் ஏறினேன். செத்தவருடைய சம்சாரம், அந்த அம்மா, என்னை யார் என்று கேட்பதற்கு முன்பே உட்காரச் சொல்லிக் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் வைத்தார்கள். சாப்பிட முடியவில்லை. சத்தம் கேட்டும் நாங்கள் வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "அவரு தண்ணி கேட்டாருங்களா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள், அவள் கொடுத்தாள் என்றேன். சரிங்க என்றார்கள். அவ்வளவுதான். மலையிலிருந்து பஸ் இறங்குகிற ஒன்றரை மணி நேரமும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன், தொப்பூரில் இறங்கும்போது முதலாளியிடம் என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

பெரியண்ணன் முதலாளி கெட்டவர் இல்லை என்று உனக்கே தெரியும், ஆனால் வேலை என்று வந்தால் இரும்பு. நான் சொன்னதும் அவர் சொன்ன முதல் பேச்சு, "அப்ப வண்டி யாரு கட்டறது? நீயே சொல்லு சவுரி" என்பதுதான். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வாரத்துக்கு நாலு பேர் முறை. சத்தம் கேட்டால் அந்த நாலு பேர் மட்டும் போவார்கள், மற்றவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்து இழுப்பார்கள், போனவர்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, சாட்சி கையெழுத்து எதுவானாலும் மேஸ்திரி என் பேர் ஒன்றுதான், அலைவது நான் அலைகிறேன். இஷ்டமில்லாத ஆளை யாரும் இழுக்கக் கூடாது, அதை நான்தான் அழுத்திச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டு வந்தார். கடைசியில் ரெண்டு மாசம் பார்க்கலாம், வேலை கெட்டால் நிறுத்திவிடுவேன் என்றார். எனக்கு அது போதும்.

அப்போதுதான் அடிபட்டவர்களுக்கு முதலுதவி எப்படிச் செய்வது என்று உன்னிடம் படம் போட்டு எழுதி அனுப்பச் சொன்னேன், எதற்கு என்று நீ கேட்டதற்குச் சும்மாதான் என்று எழுதினேன். நீ அனுப்பிய ஒன்பது பக்கத்தையும் ஜமீர் ஒரு தகரத்தில் ஒட்டி மாட்டியிருக்கிறான். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அரை மணி நேரம் அதுதான் பாடம். மாது இரும்புக் குழாயும் பழைய தார்ப்பாயும் வைத்து மூன்று ஸ்ட்ரெச்சர் செய்தான். தூக்கிப் பழக ஆள் வேண்டுமே என்று பெயிண்டர் காளியப்பனைப் படுக்க வைத்தோம், எங்கள் பட்டறையிலேயே கனமான உடம்பு அவனுக்குத்தான், கழுத்தை அசைக்காமல் தூக்கி ரோட்டுவரை போய்த் திரும்பினால் ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். எல்லோருக்கும் ரத்தம் என்ன குரூப் என்று பார்க்க தர்மபுரியிலிருந்து ஒரு லேப்காரரை வரவழைத்தோம். முதலாளி தன் ரூமிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் பெயரும் முதலாளி பெயரும் குரூப்போடு இப்போது சுவரில் இருக்கிறது, காளியப்பன் நம்பர் பிளேட்டுக்கு எழுதுகிற அதே எழுத்தில், மஞ்சளில் கறுப்பு.

ஆசாரி பச்சியப்பன் மட்டும் சேரவில்லை. ஏழு வயிறு என்னை நம்பி இருக்குது மேஸ்திரி, ரோட்டு வம்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிலர் அவரை ஜாடை பேசினார்கள், நான் அதட்டி நிறுத்தினேன். சில மாதம் முன்பு வரைக்கும் நானும் அவர் மாதிரிதானே இருந்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நாமக்கல்காரர் ஒருவருடைய புது லாரியை அன்று மத்தியானம் கட்டி முடித்துக் கொடுக்க வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் பூஜை போட்டு லோடு ஏற்ற வேண்டும் என்று அவரே நேரில் வந்து உட்கார்ந்திருந்தார். பின்கதவுக்குப் பெயிண்ட் கூட அடிக்கவில்லை. முதலாளி யாரையும் அன்று வெற்றிலை போடக்கூட விடவில்லை. பத்தேகால் மணிக்கு மேலே பெரிய சத்தம், ஓசூரிலிருந்து சேலம் போகிற பஸ் பிரேக் பிடிக்காமல் வளைவுச் சுவரை இடித்துச் சாய்ந்துவிட்டது. முறைக்காரர்களைக் கூப்பிட மணி மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய பிரேக் டிரம்மை ஜமீர் அடித்தான். முறைக்காரர்கள் நாலு பேரும் நானும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போய்ப் பார்த்தால் நாலு பேரால் ஆகிற காரியம் இல்லை தாயி. ஐம்பது பேர் பஸ்ஸில். நான் திரும்பிக் கீழே ஓடி வந்தேன், மூச்சு வாங்கியது, முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஆள் வேண்டும் என்றேன். அவர் நாமக்கல்காரரைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த ஒரு நிமிஷத்தை மறக்க மாட்டேன். "எல்லாம் போங்கடா. பார்ட்டிக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

அதைவிடப் பெரிசு அந்த நாமக்கல்காரர் செய்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லையே என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தன் புது லாரியில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார். பூஜை கூடப் போடவில்லையே, ரத்தம் படுமே என்று முதலாளியே தடுத்தார். "முதல் லோடு இதுதான்னு இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க, ஏத்துங்க" என்றார் அவர். நாங்கள் கட்டிய புதுப் பலகைமேல் பதினோரு பேரை வரிசையாகப் படுக்க வைத்தோம். நீ எழுதியபடியே செய்தோம், ரத்தம் பாய்கிற இடத்தில் துணியை மடித்து அழுத்திக் கையை எடுக்காமல் உட்கார்ந்தோம், வயிற்றில் அடிபட்டவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. மாரண்டஹள்ளி ஜான் பீ என்று ஒரு அம்மா, தொடை கிழிந்திருந்தது, மாது தர்மபுரி போகிற வரைக்கும் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இருந்தான், இறங்கும்போது அவன் விரலை நிமிர்த்த முடியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் வழியில் பாளையத்தைத் தாண்டியதும் என் மடியிலேயே அடங்கிவிட்டார். அவர் கண்ணை நான்தான் மூடினேன். மற்ற பத்துப் பேரும் பிழைத்தார்கள். பத்துப் பேர், பிலோமி.

ஆஸ்பத்திரியில் ஜான் பீக்கு ஓ குரூப் ரத்தம் உடனே வேண்டும் என்றார்கள். யாரைக் கேட்பது என்று டாக்டர் யோசிப்பதற்குள் ஜமீர் சுவரில் இருக்கிற பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டான், வந்திருந்தவர்களில் மூன்று பேர் ஓ குரூப். போன் பண்ணியதும் நாலாவது ஆளாக முதலாளியே பஸ் பிடித்து வந்துவிட்டார். வெள்ளை வேட்டியோடு கட்டிலில் படுத்துக்கொண்டு, ஊசி குத்துகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷமாக அவரிடம் வேலை செய்கிறேன், அவர் கை என் கையைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

நாலு மணிக்குப் பட்டறைக்குத் திரும்பினோம். உள்ளே பார்த்தால் பச்சியப்பன் ஆசாரி. அடிபடாத பயணிகள் நாற்பது பேர் திக்குத் தெரியாமல் ரோட்டில் நின்றவர்களை அவர் ஒரே ஆளாக உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறார். செல்லி டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் சிதறிக் கிடந்த பை, மூட்டை, கோழிக்கூடை எல்லாவற்றையும் பொறுக்கி வந்து ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் பெயரும் ஊரும் எழுதி வரிசையாக வைத்திருக்கிறார். ஒரு பொருள் காணாமல் போகவில்லை. நான் பேச வாயெடுத்தேன், "எனக்கு ரத்தம் பாத்தா ஆவாது மேஸ்திரி, இது ஆவும்" என்றார். ஆளுக்கு ஆள் எது ஆகும் என்று நான் கேட்காமல் விட்டது என் தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாமக்கல்காரர் வண்டியை மறுநாள் எல்லோரும் சேர்ந்து கழுவிப் பெயிண்ட் அடித்து விட்டோம், பதினைந்தாம் தேதி அவர் பூஜை போட்டு எங்களுக்குப் பொங்கல் அனுப்பினார். நேற்று சனிக்கிழமை வேலை முடிந்ததும் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து, ரெண்டு மாசம் என்ற பேச்சு இனி கிடையாது, மாதாமாதம் முதல் திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் வேலை நேரத்திலேயே பழக்கம், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்றார். ஸ்ட்ரெச்சரில் பட்டறை பெயரைப் பெரிசாக எழுதலாமா என்றும் கேட்டார், காளியப்பன் சின்னதாக எழுதுகிறேன் என்று சமாதானம் செய்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டயர் பட்டறைக்காரர்களும் தங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டிருக்கிறார்கள். செல்லி ஒருபடி மேலே போய், ஓட்டல் பெண்கள் எட்டுப் பேரைக் கூட்டி வந்து நிறுத்தி, முதலில் ஓடுவது நாங்கள்தான், எங்களுக்குத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்றாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது தாயி, வேலைக்குப் போக விடியட்டும் என்று காத்திருப்பது வேலைக்குச் சேர்ந்த புதிதுக்குப் பிறகு இப்போதுதான்.

எனக்குச் சில சந்தேகம் இருக்கிறது, எழுதி அனுப்பு. எலும்பு வெளியே தெரிந்தால் எப்படிக் கட்டுவது, மயக்கமான ஆளை எந்தப் பக்கம் சாய்ப்பது, சின்னப் பிள்ளைகளைத் தூக்குவது எப்படி. செல்லிக்காக இங்கிலீஷ் கலக்காத தமிழில் பெரிய எழுத்தாக எழுது, அவள் இரண்டாம் வகுப்பு. நீயும் தொடர்ந்து இரட்டை டூட்டி பார்க்காதே, சோறு தண்ணி நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா சொல்லும் வரன் விஷயத்தில் உன் மனசுப்படி பதில் எழுது, நான் உன் பக்கம். டிசம்பரில் லீவு பதினைந்து நாளாவது கேள், அதில் ஒரு நாளைப் பட்டறைக்கு ஒதுக்கு, எல்லோரும் நர்ஸம்மா எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

ஆண்டவர் உன் கைக்கு வலிமையும் உன் நெஞ்சுக்கு அமைதியும் கொடுக்கட்டும். தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
அ. சவுரியப்பன்

மறந்துவிட்டேன். இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பலகை அளந்ததையும் சித்தேரி போனதையும் விடாமல் படித்தேன். அம்மா எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிறவள் இப்போது என் பக்கத்தில் நின்று இதையும் எழுதச் சொல்கிறாள்: "எனக்கு என்னா குரூப்புன்னு லேப்காரரு ஒண்ணும் பாக்க வேணாம். எம் பொண்ணு வந்து குத்திப் பாக்கட்டும்."