அருளப்பனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை

18.11.2003, செவ்வாய்

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. துணியெல்லாம் சமையலறைக் கொடியில். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே நடந்தால் வீட்டுக்காரரின் லுங்கி முகத்தில் அறைகிறது.

செய்தி: சிரிப்புப் பாட்டுக்காரர் ஆர்மோனியம் அருளப்பன் ஊருக்கு வருகிறார்! ஞாயிறு காலை, பின்தெருக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. நடத்துவது ரசிகர் மன்றம். மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டீக்கடை பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்தால் ஒருவர் மட்டும் நிற்க வேண்டும், அவ்வளவு பேர்தான். நிற்கிறவர் செயலாளர், அதாவது என் வீட்டுக்காரர்.

என்னிடம் சொல்லவில்லை. அவர் அம்மாவிடம் சொன்னார். அடுப்பங்கரையிலிருந்து காதில் விழுந்தது. தாளிப்பு கருகிவிட்டது.

"நானும் வரட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அத்தை:

"ஒனக்குத்தான் ஒடம்பு முடியாதேம்மா. கூட்டத்துல எவனாவது இடிச்சிட்டான்னா?"

என் உடம்புக்கு என்ன? டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. குழந்தை தங்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து "வசந்திக்கு முடியல". பொம்மைக் கம்பெனி வேலை போயிற்று. தெருக்குழாய் போயிற்று, அத்தையே தண்ணீர் பிடிக்கிறாள். கோயில், கடை, கம்மாபுரத்தில் அம்மா வீடு, எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் அவர் மட்டும் போய் "அவளுக்கு முடியல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வருகிறார்.

எல்லாம் அன்புதான். அதுதான் கஷ்டம். அடித்தால் யாரிடமாவது சொல்லலாம்.

19, புதன்

மழை. மாவு புளிக்கவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்தேன்.

மத்தியானம் அவர் வேலையிலிருந்து நடுவே வந்தார், கையில் ஈரச்சாக்கு சுற்றிய பொட்டலம். உள்ளே பச்சைக் களிமண்ணில் அருளப்பன் பொம்மை, சுடாதது. முழங்கை உயரம். தொந்தி, மடியில் ஆர்மோனியம். முகம் மட்டும் மொண்ணையாக.

"மேடையில குடுக்கறதுக்கு. மொகம் வசந்திதான் திருத்தணும்னு சாந்தி சொல்லிட்டா. செய்வியா? முடியலன்னா வேணாம்."

சாந்தி பக்கத்து வீடு. கம்பெனியில் என் பக்கத்து இடம். நல்லா இருடி.

திருத்துக் கத்தியைப் பிடித்தே இரண்டு வருஷம். ஐந்து நிமிஷத்தில் கை பழகிவிட்டது. பார்த்துச் செய்ய இருந்தது கேசட் அட்டைப் படம் மட்டும், தபால்தலை அளவு. முன்பல் இடைவெளி, ஏறிய புருவம், தாடையில் மடிப்பு. மன்றப் பொருளாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார், வாய் திறந்திருந்தால் மரியாதையாக இருக்காதாம். வாயை மூடினால் அது அருளப்பன் இல்லை, யாரோ தாசில்தார். திறந்தே விட்டேன்.

அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அப்படியே இருக்காரு" என்றார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

20, வியாழன்

தூறல். கேஸ் தீரப்போகிறது.

பொம்மையின் முதுகைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. அப்படியென்றால் உள்ளே ஈரம். இந்த மழையில் இன்னும் மூன்று நாளாவது காய வேண்டும். சொன்னேன்.

"நாளு எங்க இருக்குது? இன்னிக்கு ஏத்துனாதான் சனிக்கெழம எறக்கலாம்."

"ஈரமா இருக்குதுங்க. வெடிச்சிரும்."

"சூளக்காரனுக்கே சூள பாடமா?"

கம்பெனியில் சூளை பார்க்கிறவர் அவர்தான். ஈரப் பொம்மையை அடுக்கினால் பையன்களை என்ன பேச்சுப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். இப்போது அவரே சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அன்பு வந்தால் அறிவு வெளிநடப்பு.

அருளப்பன் எனக்கு என்ன செய்தார் என்று யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏழாம் மாதம். பெண். துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள், என்னிடம் காட்டவில்லை. நான் அழவில்லை. பேசவும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் "அழுதுடும்மா" என்று மாரில் அடித்துக் காட்டினார்கள். வரவில்லை. சோறு உள்ளே போகும், அவ்வளவுதான். அப்படியே மாசக்கணக்கில்.

ஒருநாள் சாந்தி வீட்டு டேப்பில் சிலிண்டர் பாட்டு. கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவன் பாடுவது. துக்க ராகத்தில், பெரிய வித்வான் மாதிரி இழுத்து:

வரும் வரும் என்றாரே சிலிண்டர்
வாசல் வரை வந்து
அடுத்த வீடு போனதே

"போனதே"யில் ஆர்மோனியம் புஸ்ஸென்று காற்றுப் போய் நின்றுவிடும். அவர் மட்டும் விடாமல் அழுதுகொண்டே பாடுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக. அத்தை ஓடி வந்து நெற்றியில் விபூதி பூசினாள், பேய் என்று நினைத்து. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் சிரிக்கலாமா? சிரித்தேன். அப்புறம் அழுதேன், முதல் தடவையாக, மூக்கு ஒழுக ஒழுக. அன்று ராத்திரி தூங்கினேன்.

அதற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நேரில். என்ன வார்த்தை?

– "ஒங்க பாட்டு ரொம்ப நல்லாருக்குங்க." எல்லாரும் சொல்வது.
– "நீங்க நல்லாருக்கணும் சாமி." பிச்சை வாங்கின மாதிரி.
– "ஒங்களால சிரிச்சேங்க, அதனால அழுதேங்க, அதனால தூங்குனேங்க." இதுதான் சரி. ஆனால் பைத்தியம் என்பார்.

மூன்றாவதையே மனப்பாடம் செய்கிறேன். மாவு ஆட்டும்போது ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

21, வெள்ளி

வெயில்! இன்றைக்கு வந்து என்ன?

சாந்தி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"வசந்தி, வெடிச்சிடுச்சுடி."

"எது?"

"அருளப்பன்தான். சத்தம் வெளியிலயே கேட்டுச்சாம். ஆறட்டும்னு கூட பாக்காம ஒன் வூட்டுக்காரரு தொறந்து பாத்திருக்காரு. தூள். தொந்தி மட்டும்தான் ஒரு பக்கமா கெடக்குதாம்."

எனக்குச் சிரிப்பு. சாந்திக்கும். மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தோம். பிறகு அந்தப் புருவம் ஞாபகம் வந்தது. நன்றாக வந்திருந்த புருவம்.

அவர் வந்தார், சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேனே" என்று நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் என் பெரிய தியாகம் இதுதான்.

"ஞாயித்துக்கெழம சாந்தியோட நானும் வரட்டுங்களா? ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

"இந்த நேரத்துல அது ஒண்ணுதான் கொறச்சல்."

22, சனி

கேஸ் தீர்ந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு. கண் எரிச்சல்.

அவர் வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்கிறார். வெறுங்கையோடு எப்படி மேடையேறுவது? சால்வை எல்லாரும் போர்த்துவார்கள். எலுமிச்சம்பழம் எல்லாரும் கொடுப்பார்கள்.

மத்தியானம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ சிரிச்சேன்னு அம்மா சொன்னாங்களே, எந்தப் பாட்டுக்கு?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். எல்லாம் சொன்னேன். டேப், விபூதி, முந்தானை, அழுகை. பாப்பாவைப் பற்றியும். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கண் கலங்கியது. என் கையைக்கூடத் தொட்டார். கையெல்லாம் அரிசித் தூசு.

சந்தோஷத்தில் திரும்பக் கேட்டேன், நாளைக்கு வரட்டுமா என்று.

"பாக்கலாம்."

இந்த வீட்டில் "பாக்கலாம்" என்றால் இல்லை. கல்யாணமான முதல் வாரமே கற்றுக்கொண்ட பாடம். இருந்தாலும் பச்சைப் புடவையை எடுத்து மடித்து வைத்திருக்கிறேன்.

23, ஞாயிறு. மத்தியானம் மூன்று மணி

எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அவர் எட்டு மணிக்கே போய்விட்டார், "மழ வர்ற மாதிரி இருக்குது, நீ இரு" என்று. வானத்தில் ஒரு மேகம் இல்லை. அத்தை வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பச்சைப் புடவை திரும்பவும் பெட்டிக்குள்.

மண்டபத்துக் குழாய் ஸ்பீக்கர் எங்கள் கொல்லையைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. நன்றி சொல்ல ரசிகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருடைய அப்பா சாவதற்கு முந்தின நாள் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் சிரித்தாராம். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் துபாயில் தனியாகக் கிடந்தபோது இந்தக் கேசட்தான் துணையாம். சொல்லும்போதே அழுகை. சிரிப்புப் பாட்டுக்காரருக்கு நன்றி சொல்ல வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அழுதார்கள்.

அப்புறம் என் வீட்டுக்காரர் குரல்.

"கையில ஒண்ணும் கொண்டாரலைங்க. ஒரு கதைதாங்க கொண்டாந்திருக்கேன்."

என் கதை. ஏழாம் மாதம், பெண், காட்டாதது, எல்லாம், மைக்கில். எதிர்வீட்டுக்காரி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேற்று கையைத் தொட்டது இதற்குத்தானா? அதிலும், கேசட்டை அவரே கடையில் வாங்கி வந்து என் தலைமாட்டில் போட்டாராம்! சாந்தி வீட்டு டேப் ஐயா அது. நீர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

அருளப்பன் குரல், பாட்டில் கேட்பதைவிட மெதுவாக:

"அந்தத் தங்கச்சி வந்திருக்குதுங்களா?"

"இல்லைங்க. அதுக்கு... ஒடம்பு முடியலைங்க. படுத்த படுக்கையா இருக்குது."

படுத்த படுக்கை புளி கரைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன். வூடு எங்க?"

சாம்பார் கொதிக்கத் தொடங்கியபோது என் வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்து வந்தார். மூச்சு வாங்க, "படு, படு! வேன் வருது. போர்வய எடு. அம்மா, அந்த மாத்தர டப்பாவ தலமாட்டுல வையி."

"எதுக்குங்க?"

"சபையில சொல்லிட்டேன் வசந்தி. மானம் போயிரும். ரெண்டு நிமிஷம்."

படுத்தேன். ஏன் படுத்தேன்? பழக்கம். அத்தை போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். மிளகாய்த்தூள் கை உள்ளே எரிந்தது. வெயில், போர்வை, வேர்வை. அந்த ஒரு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்: சிரிச்சேங்க, அழுதேங்க. வேன் கதவு. தெருவே கூட வந்திருந்தது, வாசலில் செருப்புச் சத்தம்.

உள்ளே வந்தவருக்குக் கேசட் அட்டையைவிடப் பத்து வயது அதிகம். போட்ட மாலையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். களைத்த கண். மூக்கை உறிஞ்சினார்.

"சாம்பாரு தூக்குதே. யாரு சமையலு?"

"அம்மாங்க" என்றார் இவர். அம்மா என் தலைமாட்டில் மாத்திரை டப்பாவோடு நிற்கிறாள். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிகிற சத்தம். யாரும் அசையவில்லை. ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அருளப்பன் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"ஒடம்புக்கு என்னாம்மா?"

மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் சொல்லிவிட்டது:

"ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

எழுந்து உட்கார்ந்தேன். போர்வை விழுந்தது. புடவையெல்லாம் புளிக்கறை.

அருளப்பன் புளிக்கறையையும் மாத்திரை டப்பாவையும் பார்த்தார். பிறகு, "காலையிலேர்ந்து எத்தனையோ பேரு நன்றி சொன்னாங்கம்மா. எல்லாரும் அழுதாங்க. நல்லாருக்கேன்னு நீ ஒருத்திதான் சொல்லியிருக்க" என்றார். மாலையைக் கட்டிலில் வைத்தார். "அடுப்பப் பாரு, வழியுது."

ஓடினேன். திரும்பி வருவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. நன்றி சொல்லவே இல்லை. மூன்று நாள் மனப்பாடம்!

அவர் இன்னும் சாப்பிடவில்லை. ஒரே ஒரு பேச்சு: "நாலு பேரு எதிர்ல என்னப் பொய்யனாக்கிட்ட." நான் சாப்பிட்டேன். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு.

24, திங்கள்

தூறல். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். சோற்றுத் தூக்கை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறார்.

சாந்தியிடம் மதிலில் கேட்டேன். முகம் திருத்த ஆள் இல்லையாம், வந்தால் மேஸ்திரி இன்றைக்கே உட்காரவைப்பாராம். அத்தையிடம் சொன்னேன், போகிறேன் என்று. கேட்கவில்லை, சொன்னேன்.

"ஒடம்பு..." என்று ஆரம்பித்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் அந்த அம்மாள் பல் தேய்த்துக்கொண்டு நின்றாள். அத்தை அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

இனி அவர் சாயங்காலம் வந்து என்ன சொல்வாரோ. சாந்தி வாசலில் கூப்பிடுகிறாள். செருப்பைத்தான் காணோம். கட்டிலடியில் இல்லை, பரணில் இல்லை. இந்த வீட்டில் என் செருப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.